சத்தமில்லாத கணினியும் ஞாயிறு நாலு மணியும்

மின்சாரத்துக்குக் கிட்டத் தண்ணீரைக் கொண்டுபோகாதே என்று சின்ன வயதில் எல்லாருக்கும் சொல்லித் தருவார்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சிரித்த முகத்தோடு வாடிக்கையாளர் கையில் கொடுப்பதுதான் எங்கள் தொழில். மேசைக் கணினிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் பூட்டிக் கொடுத்தவர்கள், பூட்டிக்கொண்டவர்கள், பூட்டிய பிறகு ஒழுகுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இரண்டே வரி: கணினியின் மூளை சூடாகும். அந்தச் சூட்டை விசிறி வைத்து ஊதி விரட்டலாம், அல்லது குழாய் வழியாகத் தண்ணீரை ஓட்டி வெளியே கொண்டுபோய் ஆறவிடலாம். முதலாவதில் சத்தம் அதிகம். இரண்டாவதில் பயம் அதிகம்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடங்களில் நான் கண்டி நகரத்தில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தேன். முதலாளி நௌஷாட் நானா, கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரர்; முஸ்லிம்களுக்கு நானா என்றால் அண்ணன். திகனயில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில்தான் எனக்கு வாசம். நான் யாழ்ப்பாணத்தான். கலியாணம் முடித்து நாலே மாதத்தில் வேலைக்காகக் கண்டிக்கு வந்தேன். மனைவி வதனி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. தவணை விடுமுறைக்கு வந்துவிடுவாள் என்று ஒரு புதுக் கட்டில்கூட வாங்கிப் போட்டேன். விடுமுறைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது யாழ்ப்பாணத்துக்கான தரைப் பாதை பூட்டுப்பட்டது. இனிக் கப்பலில் வரவேண்டும், கப்பலுக்குக் கிளியரன்ஸ் என்று படையினரின் அனுமதி எடுக்கவேண்டும், அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் செய்த வேலைகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஹெலி

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வதனி யாழ்ப்பாணத்தில் ஒரு நெற் கபேக்குப் போவாள். நான் திகனயில் என் அறைக் கணினிக்கு முன்னால் இருப்பேன். நானா வீட்டுத் தொலைபேசி இணைப்பிலிருந்து எனக்கும் ஒரு வயர் இழுத்துத் தந்திருந்தார். நாலு மணியிலிருந்து நாலரை மணி வரை இணையத்தில் மைக் வைத்துக் கதைப்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ஊரடங்குக்கு முன்னர் அவள் வீடு போய்ச் சேரவேண்டும், அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள்.

என்னுடைய கணினி அந்தக் காலத்து அடுப்பு. வேகமான புராசசர், வேகத்தைவிட அதிகமான சூடு. அதன் மேலிருந்த விசிறி சுற்றத் தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பூனை எழும்பிப் போய்விடும். அவள் சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. "சாப்பிட்டீங்களோ" என்று கேட்டாளா, "கூப்பிட்டீங்களோ" என்று கேட்டாளா என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுகொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு அவள் பேச்சை நடுவில் நிறுத்தி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சருங்கோ, அங்கயும் ஹெலி சுத்துதோ? உள்ளுக்குப் போய் இருந்து கதையுங்கோ."

கட்டுகஸ்தோட்டையில் கிடைத்த ஹீட்டர்

அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்தக் கணினியின் வாயை மூடுவதென்று. ஆயத்தமாக வரும் தண்ணீர்க் குளிரூட்டல் பெட்டி கொழும்பில் இருந்தது. ஆனால் யாழ்ப்பாண அடையாள அட்டையோடு அந்த நாட்களில் கொழும்புக்குப் போய்வருவது என் நெஞ்சுக்குத் தாங்காத வேலை. ஆகவே உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்யத் துணிந்தேன். மூளைக்கு மேல் உட்காரும் செப்புக் கட்டியை ஒரு லேத் பட்டறையில் குடைந்து எடுத்தேன். மீன்தொட்டிக் கடையில் ஒரு சின்னப் பம்ப் வாங்கினேன். மிஞ்சியது தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய வான் வண்டிகளில் ஆட்களுக்குக் குளிராமல் இருக்க ஒரு ஹீட்டர் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதற்குள்ளே கைக்கடக்கமாக ஒரு குட்டி ரேடியேட்டர். நம் நாட்டில் வானுக்குள் ஹீட்டர் போடுகிறவன் எவனுமில்லை, அதனால் கராஜ்காரர்கள் அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுவார்கள். கட்டுகஸ்தோட்டையில் பழைய வாகனச் சாமான் விற்கும் ஒரு சிங்கள முதலாளியிடம் போனேன். அலுமினியத்தில் ஒன்றும் செம்பில் ஒன்றும் எடுத்து வைத்தார். செப்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் ஒன்றையொன்று அரித்துத் தின்றுவிடும் என்பதால் செம்பாலானதைத் தூக்கினேன். எந்த வாகனத்துக்கு என்று கேட்டார். கணினிக்கு என்றேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். "கொம்பியூட்டரா மாத்தயா? நல்லம். எத்தன கியர்?"

சிவப்புத் தண்ணீர்

எல்லாவற்றையும் கடையில் வைத்துப் பொருத்தினேன். குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது, உள்ளே உப்புப் படியும். வாகன எண்ணெய்க் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்தான் சரி. கணினியோடு இணைக்காமல் ஒரு முழுநாள் பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு குழாய் மூட்டுக்கு அடியிலும் வெள்ளைக் கடதாசி வைத்துப் பார்க்கவேண்டும். ஒழுகினால் கடதாசியில் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று தண்ணீரில் நானாவின் மனைவி புரியாணிக்குப் போடும் சிவப்புக் கலரில் ஒரு சிட்டிகை கலந்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சந்தோஷத்தில் தண்ணீரை வடித்துப் போத்தலில் ஊற்றி, பம்ப், வயர், குழாய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு திகன பஸ் ஏறினேன்.

நீங்கள் இப்போது தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தப் புத்தி சோதனைச் சாவடியில் பஸ் நின்ற பிறகுதான் வந்தது. எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு பையைத் திறந்தார்கள். உள்ளே சிவப்பு வயர், கறுப்பு வயர், மோட்டர், ரப்பர் குழாய், இரத்தச் சிவப்பில் ஒரு போத்தல் தண்ணீர். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அந்தக் காலத்தில் இந்த ஐந்தையும் ஒரே பையில் கொண்டு திரிந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்றில்லை. வதனிக்கு ஞாயிறு நாலு மணிக்கு யார் பதில் சொல்வார்கள் என்ற ஒரே நினைப்புத்தான் ஓடியது. கணினியைக் குளிரவைக்கிற தண்ணீர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூன்று தரம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

ஒரு மூத்த சிப்பாய் போத்தலை மூக்கருகில் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "பொன்ன" என்றார். குடிக்கச் சொல்கிறார். நல்ல காலம், அதில் பற்றரித் தண்ணீரும் புரியாணிக் கலரும் மட்டும்தான். அரைப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தேன். உதடு, பல், நாக்கு எல்லாம் சிவப்பு. பஸ் முழுக்க என்னையே பார்த்தது. அவர் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார், நான் விழவில்லை. பையை மூடித் தந்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். "மூஞ்சையைப் பார்த்தால் சீனி காணாது போலிருக்கிறதே, அடுத்தமுறை கொஞ்சம் கூடப் போட்டுக் கொண்டுவா."

முதல் அமைதியான ஞாயிறு

அறையில் பூட்டும்போது என் முழு வித்தையையும் காட்டினேன். பம்ப் அதிராமல் இருக்க ஒரு பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் வைத்தேன். ரேடியேட்டரை யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கமிருந்து வரும் காற்றே போதும், விசிறி வேண்டாம். குழாயில் சிக்கிய காற்றுக் குமிழிகள் போகப் பெட்டியை அப்படியும் இப்படியும் சரித்து, குழந்தைக்கு ஏவறை எடுப்பது போல முதுகில் தட்டினேன். பழைய விசிறியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். கணினியைப் போட்டால், போட்டதே தெரியவில்லை. திரையைப் பார்த்துத்தான் நம்பவேண்டியிருந்தது. நாலு மணிக்கு என் முகம் கலியாணத்தன்று இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்திருக்கும்.

வதனியின் குரல் வந்தது. அப்படி ஒரு தெளிவு. அவள் மூச்சு எடுப்பது கேட்டது. கையிலிருந்த காப்பு மேசையில் தட்டுப்பட்டது கேட்டது. அவளுக்குப் பின்னால் வீதியில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது. அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஹலோ, ஹலோ" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப இணைப்புக் கிடைக்க ஐந்து நிமிடம். திரும்பவும் அவள் குரல், திரும்பவும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், திரும்பவும் வைத்துவிட்டாள். மூன்றாவது தரம் "லைன் இருக்கு, நீர் கதையும், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்று கத்தினேன். இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை விளக்கி, சத்தத்தை எப்படி ஒழித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அழுகிறாள் என்று மூச்சிலே தெரிந்தது. அதுவும் தெளிவாகக் கேட்டது. "அந்த இரைச்சல் இருந்தா, நீங்கள் கதைக்காம இருந்தாலும் அங்க இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். இப்ப ஒண்டுமில்லை. அதைத் திரும்பப் பூட்டுங்கோ."

வேலையில்லாத விசிறி

திங்கட்கிழமை லாச்சியைத் திறந்து விசிறியை எடுத்தேன். அதற்குக் கணினிக்குள் இனி ஒரு வேலையும் இல்லை. ஆகவே மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டில் நிறுத்தி, அரை வேகத்தில் ஓடும்படி வயர் கொடுத்தேன். அவளுக்கு இரைச்சல் போய்ச் சேரவேண்டும், எனக்கு அவள் பேச்சுக் கேட்கவேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. உங்களில் எத்தனையோ பேர் ஒரு சத்தத்தைக் குறைக்கப் பாடுபட்டிருப்பீர்கள். சத்தத்தை அளந்து போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானா எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் பார்த்ததைப் பற்றிப் பேசாமல் போகத் தெரியாதவர். யன்னலுக்கு வெளியே ரேடியேட்டர், உள்ளே குழாய், மேசையில் காற்று வாங்க ஆளில்லாமல் சுற்றும் விசிறி. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். "கண்டியே குளிர் பொட்டி மாதிரி ஈக்கிது. அதுல தண்ணியும் ஊத்தி, ஃபேனையும் கழட்டி, இப்ப ஃபேனையும் பூட்டுறீங்க. அடுத்த கிழமை தடிமன் புடிச்சுட்டுன்னு கொம்பியூட்டருக்குக் கொத்தமல்லி அவிச்சு ஊத்துவீங்களா தம்பி?"

வத்தேகம தீர்த்தம்

கேலி செய்த அதே நானாதான் கடை வாசலில் "தண்ணீர்க் குளிரூட்டல் செய்து தரப்படும்" என்று பலகை மாட்டியவர். முதலில் வந்தவர் வத்தேகமயில் ஸ்டூடியோ வைத்திருந்த சண்முகம் அண்ணன். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கணினி சூடேறி நடுவில் நின்றுவிடும், மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்து நிற்பார். அவருக்கு நல்லதொரு குளிரூட்டல் பூட்டிக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வைத்து, பற்றரித் தண்ணீர் தவிர எதுவும் ஊற்றவேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

சரஸ்வதி பூசை முடிந்த மறுநாள் அழைப்பு வந்தது, பம்ப் முனகுகிறதாம். போய்ப் பார்த்தால் கணினிக்குச் சந்தனம், குங்குமம், நெற்றியில் ஒரு செவ்வரத்தம்பூ. பூசைக்கு வைத்தவர் அதன் தொட்டியைத் திறந்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தையும் ஒரு கரண்டி விட்டிருக்கிறார். பம்புக்குள் இரண்டு துளசி இலை. நான் சுத்தம் செய்து பூட்டியதும், அவர் திரையில் ஒரு கலியாணத்தை ஓடவிட்டார். மணப்பெண் தலை குனிந்திருந்து, யாரோ கூப்பிட, நிமிர்ந்து சிரித்தாள். எங்கள் கலியாண வீடியோவும் யாழ்ப்பாணத்தில் அலுமாரிக்குள் இருக்கிறது. அதில் வதனி இப்படித்தான் நிமிர்வாள். அந்த இடத்தை இன்னொருமுறை போடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்காமல் போட்டார். அவ்வளவு நல்ல மனிதரிடம் இனித் தீர்த்தம் ஊற்றாதீர்கள் என்று கோபமாகச் சொல்லவும் முடியவில்லை. மெதுவாகச் சொன்னேன். அவர் மனது கேட்கவில்லை. "எல்லாத்தையும் காப்பாத்துற சாமி தண்ணிங்க சார். ஒரு பம்பைப் போயி நிப்பாட்டுமா? நீங்க இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

லைன் இல்லாத ஞாயிறுகள்

பிறகு யாழ்ப்பாணத்துக்கு இணைப்பே இல்லாத கிழமைகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, ஐந்தோடு எண்ணுவதை விட்டேன். கிளியரன்ஸுக்கு அவள் போட்ட முதல் விண்ணப்பத்துக்குப் பதிலில்லை, இரண்டாவது திரும்பி வந்தது. இதெல்லாம் பின்னர் கடிதத்தில் தெரிந்துகொண்டவை. கடையில் வேலை இருந்தது. கிழமை நாட்களில் மற்றவர்களின் கணினிகளைக் குளிரவைத்து நாளைக் கழித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு நான் கணினியைப் போடுவேன். விசிறியையும் போடுவேன். மைக்கைத் துடைத்து வைப்பேன். நாலரைக்கு எல்லாவற்றையும் நிறுத்துவேன். பைத்தியக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் ஒரு மூலையிலிருந்து எப்படியோ இணைப்பை எடுத்து, இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் என்ன நினைப்பாள்? அந்த நினைப்பு என்னை நாலு மணிக்கு அந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்திவிடும்.

ஒரு ஞாயிறு நானா தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் கொண்டுவந்தார். லைன் இல்லை என்று அவருக்கும் தெரியும், வீட்டுத் தொலைபேசி அவருடையதுதானே. ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தார். வழமையான கேலியை எதிர்பார்த்து முகத்தை ஆயத்தப்படுத்தி வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். நாலரை ஆனதும் நான் விசிறியை நிறுத்தக் கை நீட்டினேன். "ஈக்கட்டும் தம்பி. நம்மட மணிக்கூடு கொஞ்சம் முன்னுக்குத்தான் ஓடுது."

பஸ் ஸ்டாண்டிலிருந்து அறைக்கு

மூன்றாவது விண்ணப்பம் சரிவந்தது. வதனி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்தாள். நாங்கள் பிரிந்து இரண்டு வருடமும் சில மாதமும். நான் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணியிலிருந்து நின்றேன், அவள் வந்தது மத்தியானம். பாதி ஆளாகியிருந்தாள். சீலையில் கப்பலின் டீசல் மணம். அத்தனை ஞாயிறுகளில் சொல்லச் சேர்த்து வைத்த வசனங்கள் எத்தனையோ. "கொண்டுவந்த பை இவ்வளவுதானோ?" என்றேன். "ஓம்" என்றாள். திகன பஸ்ஸில் பக்கத்தில் இருந்தோம். சோதனைச் சாவடியில் இறங்கி, இரண்டு அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறினோம். பையில் உடுப்புத்தான், யாரும் எதையும் குடிக்கச் சொல்லவில்லை.

அறைக் கதவைத் திறந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்று ஞாயிறு. காலையில் கிளம்பும் அவசரத்தில், என்ன நினைப்பில் என்று தெரியவில்லை, விசிறியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அது மேசையில் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அதனிடம் போனாள். புதுக் கட்டிலைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே என் பெருமைக்குரிய ரேடியேட்டரைப் பார்க்கவில்லை, நானாவின் மனைவி சாப்பாடு மூடி வைத்திருந்ததையும் பார்க்கவில்லை. குனிந்து, காதை விசிறிக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பின்பக்கமாகக் கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்தாள், எங்கள் கலியாண வீடியோவில் நிமிர்வது போலவே. "இதுதானே அது? இனி நிப்பாட்டுங்கோ. நீங்கள் இருக்கிறது எனக்குத் தெரியுது."

கண்டியில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ கணினிக்குச் செம்பும் குழாயும் பம்பும் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் கை செய்த வேலைகளில் மிக நன்றாக அமைந்தது, எதையுமே குளிரவைக்காத அந்த விசிறியின் வயரை அன்றைக்குப் பின்னேரம் பிடுங்கியதுதான்.